வாயு என்று சொல்லி வைத்தோம்

தில்லியில் வாழும் நம்மவர் இல்லம் எதிலும் சமையலறை அலமாரியைத் திறந்தால், சாம்பார்ப் பொடிக்கு அருகிலே ஓமமும் சுக்கும் பெருங்காயமும் வரிசையாக வீற்றிருக்கக் காணலாம். ஊரை விட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்து குடியேறினாலும் இம்மூன்றையும் நாம் விடுவதில்லை. வயிற்றில் எது நேர்ந்தாலும் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரும் ஒன்றே, அது வாயு. உண்டது செரிக்கவில்லையா, வாயு. நெஞ்சு கரிக்கிறதா, வாயு. முதுகில் பிடித்துக்கொண்டதா, அதுவும் வாயுவே. நம் துணைவியாரின் நோய்க்கும் இப்பெயரையே மூன்றாண்டுக் காலம் சூட்டி வந்தோம். அது வாயு அன்று என்பது தெரிந்தபோது அவர் மருத்துவமனைக் கட்டிலில் நினைவு மங்கிக் கிடந்தார்.

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். 1975-ஆம் ஆண்டு தில்லி வந்து தந்தித் துறையில் சேர்ந்து, 2013 ஜூலையில் அத்தந்திச் சேவையே நின்றுபோனதைக் கண்ணாரக் கண்டு, அவ்வாண்டே ஓய்வு பெற்றவர். ஆகையால் இக்கட்டுரையில் தந்தியும் தபாலும் அடிக்கடி குறுக்கிட்டால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு துறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்தவனுக்கு உலகமே அத்துறையின் கிளை அலுவலகமாகத்தான் தோன்றுகிறது.

2015-ஆம் ஆண்டின் குளிர்காலம். அடுத்த வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் திருமணம். பூரியும் சோலேயும், நெய் சொட்டும் கேரட் அல்வாவும் பரிமாறினார்கள். வற்புறுத்தி உண்ணச் செய்வதில் அவர்கள் நம் செட்டிநாட்டாருக்கு இளைத்தவர் அல்லர். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினோம். நள்ளிரவில் துணைவியார் எழுந்து உட்கார்ந்தார். மேல் வயிற்றில், வலப்புற விலா எலும்புக்குக் கீழே, யாரோ இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி. அது முதுகுப்புறம் ஏறி வலத்தோள் பட்டைவரை சென்றது. நாம் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். மூன்று மணி அளவில் வலி தானே அடங்கிற்று. ஓமம் கேட்டது என்று மனநிறைவோடு உறங்கப் போனோம்.

அதன்பின் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று வலி வந்து போயிற்று. ஒருநாள் அவர், "ஏங்க, நெய் சாப்பிட்ட அன்றைக்குத்தான் இது வருகிறது" என்றார். "நெய்யில்லா உண்டி பாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வயதானால் செரிமானம் குறையும்" என்று நாம் விடை கூறினோம். அடுத்த வீட்டு அம்மையார் ஒருமுறை வந்திருந்தபோது, "பித்தே கீ பத்தரி" என்று ஏதோ சொல்லிப் பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னார். பத்தரி என்றால் கல் என்பது தெரியும். ஆனால் சிறுநீரகக் கல்லைக் கேள்விப்பட்டிருந்த நமக்குப் பித்தத்தில் கல் என்பது நகைப்பாகவே தோன்றியது. பித்தம் தலைக்கு ஏறும் என்பது நம் ஊர் வழக்கு. அது கல்லாகும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் எவரும் சொன்னதில்லை. அருகிலிருந்த மருந்தகத்திற்கு ஒருமுறை அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே, "வாயுத் தொல்லை" என்று நோயின் பெயரையும் நாமே சொல்லிவிட்டோமே!

2018 தீபாவளிக்கு ஊரிலிருந்து லேகியம் வந்திருந்தது. சுக்கும் மிளகும் திப்பிலியும் வெல்லமும் சேர்த்து, நெய்யைத் தாராளமாக விட்டுக் கிளறிய லேகியம். காலைப் பலகாரங்களுக்குப் பின் துணைவியாருக்கு லேசாக வலி எடுத்தது. வாயுவுக்கு இதைவிடச் சிறந்த மருந்து ஏது என்று நெல்லிக்காய் அளவில் ஒன்றும், சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் உருட்டிக் கொடுத்தோம். மாலைக்குள் வலி அடங்கவில்லை. இரவில் ஓயாத வாந்தி. பொழுது விடிவதற்கு முன் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். பித்தப்பையில் சிறு கற்கள் நிறைந்திருப்பதையும், அவற்றுள் ஒன்று நழுவிக் குழாய் வழியே இறங்கிக் கணையத்தின் வாயிலை அடைத்து, கணையம் வீங்கி அழன்றிருப்பதையும் அல்ட்ராசவுண்டும் இரத்தப் பரிசோதனையும் காட்டின. கணையநீர் உணவைச் செரிக்க வேண்டியது. போக வழியின்றித் தேங்கினால் கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடுமாம். முதல் மூன்று நாள் மருத்துவர்கள் நமக்கு உறுதி எதுவும் கூறவில்லை. ஒன்பது நாள் அங்கே இருந்தோம்.

நான்காம் நாள் நோயாளி சற்றுத் தெளிந்தபோது ஓர் இளம் மருத்துவர் வந்து, இந்த வலி முன்பு எப்போதெல்லாம் வந்தது என்று அவரையே கேட்டார். "கீ கானே கே பாத்" என்று துணைவியார் மெல்லிய குரலில் சொன்னார். நெய் உண்ட பிறகு. அம்மருத்துவர் நம் பக்கம் திரும்பி, "நோயை அம்மா அப்போதே கண்டுபிடித்திருக்கிறாரே" என்றார். நமக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு ஒரு தாளின் பின்புறத்தில் குடலையும் பையையும் வரைந்து காட்டினார். நெய்க்கும் அந்தப் பைக்கும் இடையே செய்தி போகிறது என்றார். செய்தி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குள் இருந்த பழைய தந்தி ஊழியன் விழித்துக்கொண்டான். வீடு திரும்பிய பின் கிடைத்த நூல்களை எல்லாம் படிக்கத் தலைப்பட்டோம்.

உடலுக்குள் தந்தித் துறை ஒன்று இருப்பதை எல்லோரும் அறிவர். அவையே நரம்புகள். ரஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லவ் நாய்களை வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்து, வயிற்றிலும் கணையத்திலும் செரிமான நீர் சுரப்பதை நரம்புகள் எவ்வாறு ஆள்கின்றன என்று விளக்கினார். 1904-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டதும் செரிமானம் பற்றிய அந்த ஆராய்ச்சிக்கே. எல்லாம் தந்தி வழியாகவே நடக்கிறது என்பது அக்காலத்துக் கொள்கை. ஆனால் அப்பரிசு அளிக்கப்படுவதற்கு முன்பே, 1902-ஆம் ஆண்டு தை பிறந்த சில நாள்களில், லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் வேறொரு செய்தி வெளிப்பட்டுவிட்டது. அதைக் கண்டவர் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர். ஸ்டார்லிங்கின் சகோதரியைப் பெய்லிஸ் மணந்திருந்தார். மைத்துனர் இருவர் சேர்ந்து உருப்படியாக ஒரு காரியம் செய்தனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியாது.

மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அவர்கள் துண்டித்துவிட்டார்கள். கம்பிகள் அத்தனையும் அறுந்தன. பின்னர் அப்பகுதிக்குள் சிறிது அமிலத்தைச் செலுத்தினார்கள். கம்பி இல்லை, ஆயினும் செய்தி போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் தொலைவில் இருந்த கணையம் நீரைச் சுரந்தது. அடுத்து, குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்நீரை இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடற்சவ்வில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, கணையத்தைத் தேடிச் செல்கிறது என்பது தெளிவாயிற்று. அதற்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்களுக்கெல்லாம் பொதுப் பெயராக ஹார்மோன் என்னும் சொல்லை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் இயக்குநீர் என்பர். இன்று ஹார்மோன் என்றதும் தைராய்டும் இன்சுலினும் நினைவுக்கு வருகின்றன. அப்பெயரைப் பெற்றுத் தந்த முதற்பிள்ளை குடலின் பிள்ளை என்பதைப் பலரும் அறியார். அந்த மைத்துனர் இருவருக்கும் நோபெல் பரிசு கிட்டவில்லை. அந்த நாயை எண்ணும்போதும் நம் மனம் சற்று வருந்தாமல் இல்லை.

நரம்பு தந்தி என்றால், ஹார்மோன் என்ன? அலுவலகம் முழுதும் அனுப்பப்படும் சுற்றறிக்கை என்று கொள்ளலாம். இரத்தம் அதை எல்லா உறுப்புகளின் வாயிலுக்கும் கொண்டு செல்கிறது. ஆயினும் அதைப் பிரித்துப் படிக்கும் திறவுகோல் யாரிடம் உண்டோ அவர் மட்டுமே படிப்பர். மற்றவருக்கு அது வெறுந்தாள்.

இச்சுற்றறிக்கைகளை எழுதுவோர் யார் என்பதுதான் நம்மை மிகவும் கவர்ந்தது. குடலின் உட்சவ்வில் நூறு உயிரணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்று என்னும் விழுக்காட்டில், தனித்தனியே சிதறி நிற்கும் சிறப்பு உயிரணுக்கள் இருக்கின்றன. சுரப்பி என்றால் ஓரிடத்தில் திரண்டு நிற்கும் என்று எண்ணுகிறோம். இவையோ ஊர் முழுதும் பரவிய கிராமத் தபால்காரர்கள் போல் நிற்பவை. ஒவ்வொன்றும் தன் தலைப்பக்கத்தைக் குடலின் உள்வெளிக்குள் நீட்டி, கடந்து செல்லும் உணவைச் சுவைத்துப் பார்க்கிறது. சுவைத்தல் என்பது அணிக்காகச் சொன்னதன்று. நாவில் இனிப்பை அறியும் அதே வகைப் புரதம் குடலிலும் உண்டு. சுவைத்த செய்தியை அடிப்பக்கத்தின் வழியாக இரத்தத்தில் விடுகிறது. அமிலத்தைச் சுவைத்தால் எஸ் வகை உயிரணு செக்ரிட்டினை விடும். உடனே கணையம் காரநீரைச் சுரந்து அமிலத்தை ஆற்றும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஜி வகை உயிரணு காஸ்ட்ரின் என்பதை விட்டு அமிலத்தைக் கூட்டும். அமிலம் மிகுந்தால் டி வகை உயிரணு அதற்குக் கடிவாளம் இடும். இவ்வாறு பல வகைகள் உண்டு. நம் இல்லத்துக் கதைக்கு உரியது ஐ வகை உயிரணு.

முன்சிறுகுடலில் நிற்கும் இவ்வுயிரணு காத்திருப்பது கொழுப்புக்கும் புரதத்துக்கும். நெய் கலந்த உணவு இரைப்பையிலிருந்து சிறிது சிறிதாக இறங்கி வரும்போது, அது கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனை வெளிவிடுகிறது. நாவில் உருள மறுக்கும் இப்பெயருக்குப் பித்தப்பையை அசைப்பது என்பதே பொருள். சிகாகோவில் ஐவி, ஓல்ட்பெர்க் என்னும் இருவர் 1928-இல் இதனைக் கண்டு பெயரிட்டனர். கணையத்தைத் தூண்டும் வேறொரு ஹார்மோன் என்று 1943-இல் அறிவிக்கப்பட்டதும் இதுவேதான் என்பது, ஸ்டாக்ஹோமில் யோர்ப்பஸ், மூட் என்போர் பன்றிக் குடல்களிலிருந்து அதைத் தூய்மை செய்து பிரித்த பிறகே 1960-களில் தெரிய வந்தது. ஒரே சுற்றறிக்கை, படிப்போர் பலர். பித்தப்பை அதைப் படித்துச் சுருங்குகிறது. குழாயின் வாயிலில் உள்ள தசை வளையம் அதைப் படித்துத் தளர்கிறது. கணையம் படித்துச் செரிமான நீரை அனுப்புகிறது. இரைப்பை படித்து, "சற்றுப் பொறு" என்று தன் கதவைப் பாதி சாத்துகிறது. மூளையும் போதும் என்னும் செய்தியைப் பெறுகிறது. இவ்வளவும் நடக்கச் சில நிமிடங்கள் முதல் அரை மணி வரை ஆகின்றது. பந்தியில் அவசரமாக உண்பவர் அச்செய்தி வருமுன்பே இரண்டாம் முறை பாயசம் கேட்டு விடுகிறார்.

இனி, அந்தத் திருமண இரவுக்குத் திரும்புவோம். துணைவியாரின் குடல் எந்தத் தவறும் செய்யவில்லை. அல்வாவின் நெய்யைச் சுவைத்து, கடமை தவறாமல் சுற்றறிக்கை அனுப்பியது. பித்தப்பையும் கடமை தவறாமல் சுருங்கியது. ஆனால் பைக்குள் இருந்த கல் கழுத்தில் போய்ச் சிக்கியது. அடைத்த வாயிலை நோக்கிப் பை மீண்டும் மீண்டும் சுருங்கியதே அந்த வலி. செய்தி ஓய்ந்து பை தளர்ந்ததும் கல் பின்னே விழுந்தது, வலி தீர்ந்தது. நம் ஓமத்துக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. தீபாவளி அன்று நாம் செய்ததோ இதைவிடக் கொடிது. சுருங்கிக்கொண்டிருந்த பைக்கு, மேலும் சுருங்கு என்று நெய்யில் தோய்த்த ஆணையை நம் கையாலேயே இருமுறை உருட்டிக் கொடுத்தோம்.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரை நோக்க நேர்ந்தது. பால் கணக்கு எழுதும் காலண்டர். சில தேதிகளின் மூலையில் பென்சிலால் சிறு புள்ளி இருந்தது. கேட்டபோது, வலி வந்த நாள்கள் என்றார். பழைய காலண்டர்களையும் அவர் எறியவில்லை. மூன்று ஆண்டுக் காலண்டர்களையும் தரையில் பரப்பிப் பார்த்தோம். பொங்கலுக்கு ஒரு புள்ளி, நம் சங்கத்து ஆண்டுவிழா விருந்துக்கு ஒன்று, திருமண நாள்களுக்குச் சில. ஏகாதசி அன்று ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் மறுநாள் துவாதசியில் நான்கைந்து இருந்தன. முதல் நாள் முழுப் பட்டினி. மறுநாள் காலை நெய்யும் பருப்புமாகப் பாரணை. தந்தி வாசித்தே பிழைத்த நாம், புள்ளிகளையும் கோடுகளையும் படிப்பதற்கே அரசாங்கச் சம்பளம் வாங்கிய நாம், வீட்டுச் சுவரில் இருந்த புள்ளிகளை மூன்று ஆண்டு படிக்கவில்லை.

துவாதசிப் புள்ளிகளுக்குக் காரணமும் நூல்களில் கிடைத்தது. கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. முப்பது முதல் ஐம்பது மில்லி லிட்டர் வரை கொள்ளும் பை, உணவு வராத வேளையில் அதன் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிக் குறுக்கிச் சேர்த்து வைக்கிறது. உணவு வந்தால் சுற்றறிக்கை வரும், பை காலியாகும். நெடுநேரம் உண்ணாதிருந்தால் செய்தி எழுத ஆள் இல்லை. பித்தநீர் தேங்கித் தடித்துக் கிடக்கும். இரவு உணவுக்கும் மறுநாள் முதல் உணவுக்கும் இடைவெளி நீண்டவர்களுக்குக் கல் உண்டாவது மிகுதி என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதுவே காரணம் என்று கூறிவிட முடியாது. பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. வயது, மகப்பேறு, உடற்பருமன், குடிவழி எல்லாம் சேர்கின்றன. ஆயினும் நம் இல்லத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாம் எட்டு மணிக்கு உண்டு அலுவலகம் செல்வோம், பிள்ளைகள் உண்டு பள்ளி செல்வர். துணைவியார் துணி துவைத்து, நீர் பிடித்து வைத்து, முந்தின இரவுக்குப் பின் முதல் கவளத்தை வாயில் இடும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். முப்பது ஆண்டுகள் இவ்வாறு. அதை நாம் அவருடைய இயல்பு என்று எண்ணியிருந்தோம். வேலை முடிவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது என்று அவர் சொல்கிறார்.

அடுத்த வீட்டு அம்மையார் கேட்ட மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ரயில்வே ஊழியரிடையே எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் மருத்துவர் நடத்திய ஆராய்ச்சி 1968-இல் வெளிவந்தது. பித்தப்பைக் கல் தென்னாட்டாரைவிட வடநாட்டாரிடையே ஏழு மடங்கு மிகுதி என்று அது கூறிற்று. வடக்கே வீட்டுக்கு வீடு அறிந்த நோய் அது. நம் ஊர்ப் பாட்டிமாருக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாதது. ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த அறிவு, வந்த ஊரின் நோய்க்குப் பெயர் தெரியாமல் விழித்தது. பெயர் தெரிந்த அண்டை வீட்டார் சொல்லியும், மொழி புரிந்தும், நாம் கேளாதிருந்தோம்.

பாவ்லவுக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். தம் ஆய்வுக்கூடத்திலும் லண்டன் சோதனையை நிகழ்த்தச் செய்து, உண்மையைக் கண்டபின் அவர் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் தந்தி முற்றிலும் தோற்றுவிடவும் இல்லை. குடலின் இவ்வுயிரணுக்களுள் சில, இரத்தத்தில் கடிதம் விடுவதோடு நில்லாமல், வேகஸ் நரம்போடு நேரே தொடர்புகொண்டு மூளைக்கு நொடிப்பொழுதில் செய்தி அனுப்புகின்றன என்பது 2018-இல் கண்டறியப்பட்டது. இந்நாட்டில் தந்தி நிறுத்தப்பட்ட ஐந்தாம் ஆண்டில், வயிற்றுக்குள் அது ஓடிக்கொண்டிருப்பதைப் படித்த நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உடல் மெலிவதற்கென்று இந்நாளில் பலர் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுந்துள்ள எல் வகை உயிரணுக்கள் விடும் ஒரு ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டது அது. அம்மருந்தின் எச்சரிக்கைகளுள் பித்தப்பை நோயும் ஒன்று. விரைந்து மெலிவோருக்குக் கல் தோன்றுவது பழைய செய்தி. நம் நண்பர் இல்லத்துப் பிள்ளை ஒருவர் அதைப் போட்டுக்கொள்வதாகக் கேள்விப்பட்டு இதைச் சொன்னோம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன் மாமா என்றார். சரி என்று வந்துவிட்டோம்.

2019 ஜனவரியில் நுண்துளை வழியாக அறுவை செய்து பையை எடுத்துவிட்டார்கள். மிளகு அளவில் பதினேழு கற்களைச் சிறு புட்டியில் இட்டுக் கொடுத்தார்கள். துணைவியார் அதைப் பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. இப்போது கல்லீரலிலிருந்து பித்தநீர் நேரே குடலில் சொட்டுகிறது. ஐ வகை உயிரணுக்களுக்குப் பை போன செய்தியை யாரும் அறிவிக்கவில்லை. நெய் வந்தால் இன்றும் தவறாமல் சுற்றறிக்கை எழுதுகின்றன. அரசாங்கக் குடியிருப்பை நாம் காலி செய்து ஆண்டுகள் பல ஆகியும் அந்த முகவரிக்கு நம் பெயரில் கடிதங்கள் வருவதில்லையா? ஆனால் கணையமும் இரைப்பையும் அங்கேயே குடியிருப்பதால் கடிதம் வீணாவதும் இல்லை.

காலை எட்டு மணிக்கு இருவரும் சேர்ந்து உண்கிறோம். தோசை வார்ப்பது நம் பொறுப்பு. வட்டமாக வருவதற்கு ஓராண்டு பிடித்தது. ஏகாதசியை மட்டும் அவர் விடவில்லை. இரவில் பாலும் பழமும் உண்ண இசைந்திருக்கிறார். அதற்கு மேல் பேச்சு இல்லை. காலண்டரில் இப்போது பால் கணக்குத்தான். சென்ற மார்கழியில் ஒரு தேதியின் மூலையில் பென்சில் புள்ளி ஒன்றைக் கண்டு பதறிப்போய், என்ன செய்கிறது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். அன்றைக்குப் பால்காரர் வரவில்லை என்றார்.